எதையும் மாற்றாத ஸ்னோமொபைல் மலைப் புதுப்பனியில் எதுவரை போகும்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துவிடுகிறேன். வேளச்சேரியிலிருந்து வேலை மாற்றலாகிக் குளிர்காலத்துக்குள் கனடாவின் கால்கரிக்குக் குடிபெயர்கிறீர்கள். அங்கே இருக்கும் உங்கள் மைத்துனர், முன்பு ஒன்டாரியோவில் வாங்கிய, 137 அங்குல டிராக்கும் (வண்டியின் அடியில் சுழன்று அதை நகர்த்தும் ரப்பர்ப் பட்டை) 600 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினும் கொண்ட, டிரெயில் எனப்படும் இறுகிய பனிப்பாதைகளுக்கான தம்முடைய ஸ்னோமொபைலை (பனியில் ஓடும் வண்டி) உங்களுக்கே தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாமல், அதைப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் பக்கத்து மலைகளில் இடுப்பளவு புதுப்பனியில் ஓட்ட முடியுமா என்றும், முடியாதென்றால் சைலன்சர், கிளட்ச், டிராக் ஆகியவற்றுள் எதற்கு முதலில் பணம் போடுவது என்றும் கேட்கிறீர்கள். இதன் அடியில் இருக்கும் கேள்வி, வண்டியின் வடிவமைப்பிலேயே உள்ள குறையைப் பணத்தால் ஈடுகட்ட முடியுமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வண்டியில் அந்தப் பனியில் போக முடியாது. அதை மலைக்கேற்ப மாற்றியமைக்கச் செலவிடுவதும் வீண். ஆனால் மலைக்கென்றே வடிவமைத்து விற்கப்படும் வண்டி, ஒரு திருகைக்கூடத் தொடாத நிலையிலேயே, புதிதாக ஓட்டப் பழகும் ஒருவரின் திறமை எட்டும் இடங்களையெல்லாம் தாண்டிப் போகும்.

நான் சென்னையில் ஸ்கூட்டர்களுக்கான சிவிடி (கியர் இல்லாமல் பெல்ட்டால் திறனைக் கடத்தும் முறை) அமைப்புகளில் பணியாற்றும் இயந்திரப் பொறியாளர். நடுவில் சில ஆண்டுகள் வேலை நிமித்தமாகப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்தபோது, குளிர்கால வார இறுதிகளை இந்த வண்டிகளின் மேல்தான் கழித்தேன். ஆகவே கிளட்ச், பெல்ட், டிராக் பற்றி எழுதுவதைத் தொழில்முறைக் கருத்தாகவும், ஓட்டும் முறை பற்றி எழுதுவதை ஒரு சுமாரான ஓட்டுநரின் கருத்தாகவும், பனிச்சரிவு (மலையில் பனி பெயர்ந்து விழும் அவலாஞ்ச்) பற்றி எழுதுவதை வகுப்பில் உட்கார்ந்து கற்ற ஒரு மாணவரின் குறிப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். மணாலிக்கு அருகில் சோலாங்கிலோ காஷ்மீரின் குல்மார்கிலோ வாடகைக்கு ஓட்டிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பலருக்கும் இந்த வண்டி அறிமுகமாவது அங்கேதான். அங்கே ஓட்டுவது பெரும்பாலும் மிதிபட்டு இறுகிய பனியில், போன தடத்திலேயே திரும்பத் திரும்ப. அதை வைத்துப் புதுப்பனியை மதிப்பிட வேண்டாம்.

உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதே அளவு தண்ணீர் 1000 கிலோ என்பதை எண்ணிப் பார்த்தால், வண்டி எவ்வளவு மெலிந்த தளத்தின் மேல் நிற்க முயல்கிறது என்பது புரியும். அந்தப் பனியே சில நாள்கள் தங்கி, தன் எடையாலேயே அமுங்கி 200, 300 கிலோ அடர்த்திக்கு வந்தபின், முன்பு திணறிய வண்டி அதே சரிவில் எளிதாக ஏறிவிடும். ஆகவே, 'என் நண்பர் இதே வண்டியில் அந்த மலையில் ஏறினார்' என்று யாராவது சொன்னால், எவ்வளவு பனி விழுந்து எத்தனை நாள் கழித்து என்று கேளுங்கள். அது தெரியாத சாட்சியத்துக்கு மதிப்பில்லை. இடத்துக்கு இடமும் பனி வேறுபடும். பசிபிக் கடலோர மலைகளில் விழும் ஈரப்பனி வண்டியைத் தாங்கும், ஆனால் பிடித்து இழுக்கும். கொலராடோ போன்ற உள்நாட்டு மலைகளில் விழும் பனி உலர்ந்தது. வண்டி அதில் ஆழமாக இறங்கும், ஆனால் தடை குறைவு. அந்த உள்நாட்டு மலைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் பனிப்படலம் மெலிதாக இருக்கும்போது, அதன் அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய படிகங்கள் உருவாகும். டிராக் அந்த அடுக்கைத் தொட்டுவிட்டால் பிடிப்பே கிடைக்காமல் தரைவரை தோண்டிக்கொண்டு போய்விடும். ரெவெல்ஸ்டோக் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. பனி மிகுதி, பெரும்பாலும் நல்ல பனி.

இனி வண்டி. அதில் முதலாவது தாங்குபரப்பு. வண்டி, எரிபொருள், உடுப்பும் பையுமாக ஓட்டுநர், எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 137 அங்குலம் என்பது டிராக்கின் முழுச் சுற்றளவு. அதில் தரையில் படிவது பாதிக்கும் குறைவு, தோராயமாக 54 அங்குலம். அகலம் 15 அங்குலம். பரப்பு அரை சதுர மீட்டரை ஒட்டி வருகிறது. முன்னால் உள்ள ஸ்கீக்கள் தாங்கும் பங்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அழுத்தம் 6.6 கிலோபாஸ்கல். பூட்ஸ் அணிந்த ஒருவர் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழும் அழுத்தத்தில் இது நான்கில் ஒரு பங்குதான். இப்போது மலை வண்டிக்கு வருவோம். டிராக் 165 அங்குலம் என்றால் கூடுதல் 28 அங்குலம்; அதில் பாதி மேலே போய்விடும், பாதி கீழே வரும், ஆகவே தரையில் படிவது 14 அங்குலம் கூடுகிறது. மலை வண்டிகள் எடை குறைப்பதற்காகவே பல பாகங்களை உதறியவை. எரிபொருள் இல்லாமல் 190 முதல் 215 கிலோவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அழுத்தம் 5 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்குகிறது, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. இது காகிதத்தில் சிறிய வேறுபாடாகத் தெரியலாம். ஆனால் புதுப்பனியில் வண்டி நின்றுகொண்டிருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது பனியின் மேற்பரப்பை நோக்கி எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அழுத்தம் குறைந்த வண்டி அந்த நிலைக்குச் சீக்கிரம் வருகிறது, வேகம் குறைந்தாலும் அந்த நிலையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. மரங்களுக்கு நடுவே திரும்பும்போது கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான், புதைவதற்கும் புதையாமல் வெளியேறுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, லக் எனப்படும், டிராக்கின் மேல் எழுந்து நிற்கும் ரப்பர் துடுப்புகள். டிரெயில் வண்டியில் இவை 1.25 அங்குலத்திலிருந்து 1.75 அங்குலம் வரை இருக்கும். மலை வண்டியில் 2.5 முதல் 3 அங்குலம். இறுகிய பனியில் குட்டையான லக் போதும், ஏனென்றால் பனியே உறுதியாக நிற்கிறது. புதுப்பனியில் லக்குகளுக்கு இடையே சிக்கும் பனி அறுபட்டுப் பின்னால் பறந்துவிடும். எவ்வளவு கனமான பனித்திரளைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளுகிறதோ அவ்வளவுதான் முன்னோக்கிய உந்துதல். இதனால்தான் மலை டிராக்குகளில் லக்குகளை உயரமாக்குவதோடு, அவற்றுக்கு இடையேயான தூரத்தையும் 3 அல்லது 3.5 அங்குலம் என்று கூட்டுகிறார்கள். டிரெயில் வண்டிகளில் அது 2.52 அல்லது 2.86 அங்குலமாக இருப்பது வழக்கம். உங்கள் மைத்துனரின் வண்டியில் நீள டிராக்கைப் போட்டுவிடலாமே என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. இடைவெளி மாறினால் டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். லக் உயர்ந்தால் அது டனலின் (டிராக்கை மேலிருந்து மூடும் உலோகக் கூடு) உட்புறத்தில் உள்ள குளிர்விப்பான்களில் உரசாமல் இருக்க இடம் வேண்டும். நீளம் கூடினால், டிராக் வழுக்கி ஓடும் சறுக்குத்தண்டுகளையும் டனலையும் நீட்ட வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் கையில் இருப்பது, முன்பாரம் மிகுந்த, அகலமாகக் கால் பரப்பி நிற்கும் ஒரு டிரெயில் வண்டியின் பின்னால் ஒட்டவைத்த மலை டிராக். செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அடுத்த ஆண்டே அதை விற்றுவிட்டு மலை வண்டி வாங்கியவர்கள்.

மூன்றாவதாகத்தான் எஞ்சின் வருகிறது; கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடல்மட்டத்தில் 120 குதிரைத்திறன் தரும் ஒரு 600 சிசி எஞ்சின், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கும். ரெவெல்ஸ்டோக் நகரம் 500 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருந்தாலும், வண்டி ஓட்டும் மேட்டுப் பகுதிகள் 2000 மீட்டரை ஒட்டியவை. ஆகவே அங்கே 100 குதிரைத்திறனுக்கு நெருக்கமாகத்தான் கையில் இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 3000 மீட்டரைத் தாண்டிய கொலராடோ மலைகளில் இழப்பு 30 விழுக்காட்டைத் தொடும். இதற்காகத்தான் மலை வண்டிகளில் 800, 850 சிசி எஞ்சின்கள் வழக்கமாயின. ஸ்கி-டூ நிறுவனம் 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பொருத்திய 850 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்ததும், போலாரிஸ் 2022 மாடலில் அதைப் பின்தொடர்ந்ததும் இந்த இழப்பை ஈடுகட்டத்தான். ஸ்கி-டூவின் அந்த முதல் டர்போ எஞ்சின், டர்போ இல்லாத எஞ்சினைவிடக் கூடுதல் திறன் தருவதாக அறிவிக்கப்படவில்லை. அதே 165 குதிரைத்திறனை 8000 அடி உயரம்வரை இழக்காமல் வைத்துக்கொள்வதாகத்தான் அறிவிக்கப்பட்டது. உயரத்தால் வரும் நட்டத்தைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் எஞ்சின் தரும் திறன் டிராக்குக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு செய்தி, இது என் தொழிலுக்கு நெருக்கமானதும்கூட. நம் தெருக்களில் ஓடும் ஆக்டிவா, ஜூப்பிட்டர் போன்ற ஸ்கூட்டர்களில் இருக்கும் அதே சிவிடிதான் ஸ்னோமொபைலிலும் இருக்கிறது: இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரோலர்கள் செய்யும் வேலையை இங்கே பிரைமரி கிளட்சில் எடைக்கரங்கள் செய்கின்றன; சுழற்சி கூடக் கூட அவை வெளியே வீசப்பட்டுக் கப்பியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. பின்னால் செகண்டரி கிளட்சில் உள்ள ஹீலிக்ஸ் என்ற சாய்வுத்தடமும் ஸ்பிரிங்கும் சுமையை உணர்ந்து அதை எதிர்க்கின்றன. இந்த இழுபறி சரியாக அமைந்தால், திராட்டிலை முழுமையாக அழுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் தன் உச்சத்திறன் சுழற்சியிலேயே, பெரிய டூ-ஸ்ட்ரோக்குகளில் நிமிடத்துக்கு 8000 என்ற அளவில், நிலைத்து நிற்கும். இப்போது அதே வண்டியை ஒன்டாரியோவின் தாழ்நிலத்திலிருந்து 2000 மீட்டருக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் இளைத்துவிட்டது, எடைக்கரங்கள் இளைக்கவில்லை. அவை எஞ்சினை அமுக்கிப்பிடித்து, சுழற்சியைப் பல நூறு குறைத்துவிடும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாய் ஒரு குறுகிய சுழற்சி வரம்புக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. அந்த வரம்பிலிருந்து கீழே விழுந்தால், உயரத்தால் இழந்ததற்கு மேல் இன்னொரு பெரிய இழப்பு சேர்ந்துகொள்ளும். எரிபொருள் உட்செலுத்தும் கணினி காற்றழுத்தத்தைத் தானே அறிந்து கலவையைத் திருத்திக்கொள்ளும். கிளட்ச் முழுக்க முழுக்க இயந்திரப் பாகம், அதற்கு உயரம் தெரியாது. ஆகவே நல்ல விற்பனையகங்கள் அந்தந்த ஊரின் உயரத்துக்கேற்ற எடைகளைப் போட்டே வண்டியைத் தருகின்றன. சில ஸ்கி-டூ கிளட்ச்களில் வெளியிலிருந்தே ஒரு திருகைத் திருப்பிச் சிறிதளவு சரிசெய்துகொள்ளவும் வழி இருக்கிறது. மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று பிடிவாதமாக இருப்பவரிடமும் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். இதைக் கூடுதல் அலங்காரமாக நினைக்க வேண்டாம். வண்டி ஓடும் உயரத்தில் அதை ஒழுங்காக வைத்திருப்பதன் ஒரு பகுதி இது.

வெறும் எண்களில் தெரியாத இன்னொரு வேறுபாடு, வண்டி சாயும் தன்மை. டிரெயில் வண்டி வளைவுகளில் தட்டையாக நிற்க வேண்டும் என்பதற்காக ஸ்கீக்களுக்கு இடையே 42, 43 அங்குல அகலமும், உடல் சாயாமல் தடுக்கும் ஸ்வே பாரும் அதற்குத் தரப்படுகின்றன. ஆழமான பனியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. ஒரு பக்கக் காற்பலகையில் எடையை வைத்து, வண்டியைச் சாய்த்து, டிராக்கின் ஓரத்தைப் பனியில் ஊன்ற வேண்டும். ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் திருப்பினால் இந்தச் சாய்வு இன்னும் எளிதாக வரும். இது முதலில் குழப்பும், பிறகு கைக்குப் பழகிவிடும். மலை வண்டிகளில் ஸ்கீக்களின் இடைவெளி 36 அங்குலத்தை ஒட்டிக் குறுகியிருப்பது இதற்காகத்தான். ஆர்க்டிக் கேட் நிறுவனம் 2019 மாடலில் பின் சஸ்பென்ஷனின் இரண்டு சறுக்குத்தண்டுகளுக்குப் பதிலாக ஒற்றைத் தண்டு வைத்ததும் டிராக் எளிதாகச் சாய வேண்டும் என்ற அதே நோக்கத்தில்தான். சரிவுக்குக் குறுக்கே போகும்போது இந்தச் சாய்வு இல்லாவிட்டால் வண்டி கீழ்நோக்கியே இழுத்துக்கொண்டு போகும். டிரெயில் வண்டியில் வந்தவர்கள் தாங்கள் நினைத்த இடத்துக்குப் போகாமல், பள்ளம் இழுத்த இடத்துக்குப் போய்ச் சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த வண்டியும் புதையும். புதைவது எப்படி என்று தெரிந்தால் பாதி தவிர்க்கலாம். வேகம் குறைந்து வண்டி அமுங்கத் தொடங்கும்போது, பதற்றத்தில் திராட்டிலை முழுவதும் அழுத்துவது எல்லாருக்கும் வரும் இயல்பு. டிராக் சுழலும் வேகத்துக்கும் வண்டி நகரும் வேகத்துக்கும் இடைவெளி பெருகினால், அது முன்னால் தள்ளுவதை விட்டுவிட்டுக் கீழே தோண்டத் தொடங்கும். பின்புறம் இறங்கி, முன்புறம் வானத்தைப் பார்த்து நிற்கும். அமுங்குகிறது என்று தெரிந்ததும் சரிவு இறங்கும் பக்கமாகத் திரும்பி, மிதமான திராட்டிலில் வெளியேற முயல வேண்டும். முடியாதென்று தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். நிற்பதாயிருந்தாலும் எப்போதும் வண்டியின் முகம் கீழ்நோக்கியே இருக்கட்டும். புதைந்த பிறகு செய்ய வேண்டியது, முன்னால் உள்ள பனியை மிதித்து இறுக்கி, டிராக்கின் பக்கங்களில் பனியை வாரி எடுத்து, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குழியை நிரப்பி, பிறகு மெதுவாக எடுப்பது. உயரமான மலையில், கனத்த உடுப்போடு இதைச் செய்யும்போது வரும் களைப்பைச் சென்னையில் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. முதல் நாளில் தனியாகப் போகக் கூடாது என்பதற்கு இந்தக் களைப்பு ஒன்றே போதுமான காரணம்.

சில்லறைச் செய்திகள் சில. ஸ்னோமொபைலின் எஞ்சினைக் குளிர்விப்பது டிராக் வாரியடிக்கும் பனிதான். ஆகவே புதுப்பனியில் வெப்பம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை அங்கே போய்ச்சேரும் வழியில், இறுகிப்போன காட்டுப்பாதையில் வரும்: அங்கே பனி தூவாது, எஞ்சின் சூடேறும், சறுக்குத்தண்டின் பிளாஸ்டிக் பட்டைகள் தேயும், வேகமாகப் போனால் உயரமான லக்குகள் கிழியும். தரையைக் கீறிப் பனித்தூளை மேலே எழுப்பும் சிறிய கம்பிகளைத் தண்டில் பொருத்திக்கொண்டால் இது தீரும். புதுப்பனியில் எழும் தூள் காற்று உட்புகும் வலைகளை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும். அந்தத் துளைகளுக்கு மேல் ஒட்டும் நுண்வலை மலிவானது, பலனுள்ளது. எரிபொருள் செலவு டிரெயிலில் ஆவதைப் போல இரண்டு மடங்கு ஆகும் என்றே திட்டமிடுங்கள். ஒரு மாற்று பெல்ட் இல்லாமல் கிளம்பக் கூடாது. குறைந்த வேகம், மிகுந்த சுமை என்ற சேர்க்கையில்தான் பெல்ட் கருகும். சைலன்சரை மாற்றுவதைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். அதனால் கிடைப்பது கொஞ்சம் எடைக்குறைப்பும் நிறையச் சத்தமும். ஏறும் திறனில் நீங்கள் உணரக்கூடிய மாற்றம் எதுவும் வராது.

இதுவரை எழுதியவை கணக்கிலும் கருவியிலும் சரிபார்க்கக்கூடியவை. இனி வருபவை பத்து ஓட்டுநர்களைக் கேட்டால் பத்து விதமாகச் சொல்லக்கூடியவை, ஆகவே என் சாய்வு எது என்று மட்டும் சொல்கிறேன். லக் 2.5 அங்குலமா 3 அங்குலமா என்பது முடிவில்லாத வாதம். மூன்றங்குல லக் ஆழமான உலர்பனியில் நன்றாக ஏறும், ஆனால் அதைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். 600 சிசி எஞ்சினோடு அதை நான் சேர்க்க மாட்டேன், 850 சிசியோடு தயங்காமல் சேர்ப்பேன். நீளத்தில், 165 அங்குலம் மன்னிக்கும், 155 அங்குலம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்: நீளமானது ஓட்டுநரின் பிழையைப் பொறுத்துக்கொண்டு மிதக்கும், குட்டையானது மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பும். உங்கள் எடை உடுப்போடு நூறு கிலோவுக்கு மேல் என்றால் நீளத்தின் பக்கம் சாயுங்கள். டர்போ முதல் வண்டிக்குத் தேவையா என்று கேட்டால், ரெவெல்ஸ்டோக் உயரத்தில் தேவையில்லை என்பேன். அதை ஓட்டி மகிழ்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 600 சிசி மலை வண்டி போதாது என்ற பேச்சை மட்டும் நான் ஏற்பதில்லை. நீள டிராக்கும் சரியான கிளட்ச் எடையும் கொண்ட 600 சிசி மலை வண்டியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர், 850 சிசியில் ஓட்டத் தெரியாதவர் புதைந்து கிடக்கும் இடத்தைச் சத்தமில்லாமல் கடந்து போவார்.

நீங்கள் கேட்காத ஒன்றை எழுதாமல் முடிக்க முடியாது. வண்டியின் திறன் கூடக் கூட அது உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் சரிவின் கோணமும் கூடும். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் பனிச்சரிவுகள் பெரும்பாலும் நிகழ்கின்றன. நல்ல மலை வண்டி இந்தக் கோணங்களில் முதல் நாளிலேயே ஏறிவிடும், அந்தப் பனிப்படலம் நிலையானதா என்பதைப் படிக்கும் அறிவு முதல் நாளில் வராது. புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பீக்கன், துழாவுகோல், ஷவல் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், அதுவும் வண்டியில் கட்டிவைக்காமல் உடலோடு இருக்க வேண்டும். வண்டி வேறு, ஆள் வேறு என்று பனி பிரித்துவிடும். பீக்கனைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதன்பின் அது வேகமாகச் சரியும்; ஆகவே உங்களை மீட்கப்போவது உங்கள் குழுவே தவிர வெளியிலிருந்து வருபவர்கள் அல்லர். ஒரு சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் பனி வந்து விழக்கூடிய பாதைக்கு வெளியே நிற்க வேண்டும், மேலே ஒருவர் புதைந்து நின்றால் உதவுகிறேன் என்று இரண்டாமவர் ஏறக் கூடாது. ரெவெல்ஸ்டோக்கிலேயே தலைமையகம் கொண்ட அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலம் முழுவதும் வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்கவும், அதன் அடிப்படைப் பயிற்சி வகுப்பை வண்டி வாங்குவதற்கு முன்பே முடிக்கவும் பரிந்துரைக்கிறேன். அந்த வகுப்புக்கு ஆகும் பணம் சைலன்சருக்கு ஆகும் பணத்தைவிடக் குறைவு.

மைத்துனர் தரும் வண்டியை மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் குளிர்காலத்தில் பராமரிக்கப்பட்ட டிரெயில்களில் அதை ஓட்டிக் கைபழகுங்கள்; திராட்டிலும் பிரேக்கும் உடல் சாய்வும் பழக அது நல்ல வண்டிதான். மலைக்குப் போகும் நாள்களுக்கு மட்டும் ரெவெல்ஸ்டோக்கில் மலை வண்டியை வழிகாட்டியோடு வாடகைக்கு எடுங்கள். அடுத்த ஆண்டு பழைய மலை வண்டி ஒன்றை வாங்குவதென்று முடிவுசெய்தால், ஓட்டமானியைவிடக் கிளட்சைத் திறந்து பார்ப்பது அதிகம் சொல்லும்: கப்பியின் முகத்தில் பெல்ட் அறுத்த பள்ளங்கள் இருக்கிறதா, பெல்ட் துணுக்குகள் கிடக்கிறதா என்று பாருங்கள். டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வேர்ப்பகுதியில் கிழிந்த லக்குகளைத் தேடுங்கள். டனலின் ஓரங்கள் நேராக இருக்கின்றனவா, முன் சஸ்பென்ஷன் கைகள் சேரும் இடத்தில் அலுமினியம் விரிசல் விட்டிருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். பாறையிலோ மரத்திலோ மோதிய வண்டியின் வரலாறு அங்கேதான் எழுதியிருக்கும். கடைசியாக, எஞ்சினின் இரண்டு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளவை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், அதன் பிறகு விலையைப் பற்றிப் பேசத் தேவையில்லை.